மலேசியா, மியன்மார் வன்மர ஏற்றுமதிப் பெறுமதி: எப்படி ஒப்பிடுவது?

கொட்டகலை_மாணவி
ஒப்படைக்காக 2012 முதல் 2017 வரை மலேசியா, மியன்மார் இரண்டினதும் வன்மர ஏற்றுமதிப் பெறுமதியை ஐ.நா.வின் கொம்ட்ரேட் வர்த்தகத் தரவுத்தளத்தில் எடுக்கிறேன். 4403 என்ற சுங்கப் பண்டக் குறியீட்டை மட்டும் போட்டால், 2014க்குப் பிறகு மியன்மார் கோடு விழுந்துவிடுகிறது. வியாபாரமே நின்றுவிட்டதா? அடுத்தது, பண்டாரவளை மரக்காலைகளில் சொல்லும் கன அடி விலையை இந்த டொலர் கணக்கோடு வைத்துப் பார்க்கலாமா?

பதுளை_மரக்காலை
நிக்கல தங்கச்சி. 2014 ஏப்ரல் 1ல இருந்து மியன்மார் மரக்குற்றி ஏற்றுமதிய தடை செஞ்சிருச்சு. 4403ங்கிறது குற்றி மட்டும். அரிஞ்ச மரம் 4407ல வரும், அதையும் சேர்த்து எடுங்க. தடை வரப்போகுதுன்னு தெரிஞ்சு அவசரமா ஏத்துனதால அதுக்கு முந்தின மாசங்களோட தொகை ஊதியிருக்கும். 2013அ அடிப்படை ஆண்டா வச்சா படமே கோணலாயிடும்.

மலேசியாவுலயும் 4403 ஏமாத்தும். தீபகற்பத்துல குற்றி ஏற்றுமதிய 1985லயே நிறுத்தியாச்சு. உங்க ஆண்டுகள்ல வர்ற குற்றி சரவாக், சபா மாநிலங்களோட மரம். அங்கேயும் நிறைய மரம் பிளைவுட்டா (4412) வெளிய போகுது. அதை விட்டுட்டு மலேசியா சின்ன ஏற்றுமதியாளர்னு எழுதிடாதீங்க.

குறியீடு_கண்டி
ஊசியிலை மரங்களைக் கழித்தால் மிஞ்சுவதே புள்ளிவிபரத்தில் வன்மரம். தூக்கினால் பஞ்சு போலிருக்கும் தோட்டத்து அல்பீசியாவும் அதில் சேரும், பைனஸ் சேராது. இந்தச் சுங்கக் குறியீட்டு முறையின் (எச்எஸ்) 2012 பதிப்பில் 4407இலிருந்து 4407.10ஐயும், 4403இலிருந்து 4403.20ஐயும் கழியுங்கள். 4403.10 பதனிட்ட மரம். அதில் இரண்டு வகையும் கலந்திருப்பதால் தனியே ஒதுக்குங்கள். 2017 பதிப்பில் கழிக்க வேண்டியவை 4407.11, 12, 19, 4403.11, 4403.21 முதல் 26 வரை. எந்த வரிசை எந்தப் பதிப்பில் உள்ளது என்று பார்க்காமல் கூட்டினால், 2017இல் பொய்யான ஒரு குதிப்பு தெரியும். தேக்குக்குத் தனி உபகுறியீடு வந்தது 2022 பதிப்பில்தான், இந்த ஆண்டுகளில் பிரிக்க முடியாது.

கொட்டகலை_மாணவி
மியன்மார் தரவை நம்பாமல், மியன்மாரிலிருந்து வந்ததாக இந்தியா, சீனா பதிந்த இறக்குமதியை மியன்மாரின் ஏற்றுமதியாக எடுத்தால் சரியா?

குறியீடு_கண்டி
சரிபார்க்க நல்லது. ஆனால் ஏற்றுமதி எப்ஓபி விலையில் (கப்பலில் ஏற்றும் வரையான விலை) இருக்கும், இறக்குமதி சிஐஎப் விலையில். கப்பல் கட்டணமும் காப்புறுதியும் ஏறிய தொகை அது. மரம் இடத்தை அடைக்கும் சரக்கு என்பதால் வித்தியாசம் சிறிதல்ல. ஆகவே ஒரு நாட்டுக்கு ஏற்றுமதித் தரவு, மற்றதற்கு இறக்குமதித் தரவு என்று கலக்க வேண்டாம், இரண்டுக்கும் ஒரே முறை. மியன்மார் அரசின் சொந்த அட்டவணைகள் அந்தக் காலத்தில் ஏப்ரல்–மார்ச் நிதியாண்டு. அதை நாட்காட்டி ஆண்டோடு நேராக ஒட்டாதீர்கள்.

பதுளை_மரக்காலை
கன அடி விஷயம். குற்றிய நூலால சுத்தி, நூல நாலா மடிச்சு, அந்த நீளத்த அதாலேயே பெருக்கி, குற்றி நீளத்தாலயும் பெருக்குறது ஹொப்பஸ் அடி. நடுச் சுற்றளவு 4 அடி, நீளம் 10 அடின்னா 10 ஹொப்பஸ் அடி. உண்மையான கன அளவு 12.73 கன அடி, அதாவது 0.36 கன மீற்றர். கன மீற்றர் விலை வர ஹொப்பஸ் அடி விலைய 27.74ஆல பெருக்கணும், அரிஞ்ச மரத்தோட கன அடி விலைய 35.31ஆல. ஹொப்பஸ் விலைய 35.31ஆல பெருக்கிட்டீங்கன்னா 27 வீதம் கூடக் காட்டும். விலை சொல்றவர்கிட்ட எந்த அடின்னு முதல்லயே கேட்டுக்கோங்க.

குற்றி விலையையும் பலகை விலையையும் பக்கத்துல வைக்காதீங்க. ஒரு கன மீற்றர் பலகைக்கு ஏறக்குறைய ரெண்டு கன மீற்றர் குற்றி போகும், வளைஞ்ச மரம்னா இன்னும் கூட.