ஆர்ட் மியூசியத்துல ஃபேமிலி டே ஃப்ரீயாம், 4 வயசுப் பையனையும் கூட்டிட்டுப் போலாமா?

மழைத்துளி:
லீவுல பசங்கள ஆர்ட் மியூசியம் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கோம். ஃபேமிலி டேக்கு டிக்கெட் கிடையாது, கதை சொல்றது, ஒர்க்‌ஷாப், படத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிற விளையாட்டுனு நிறைய போட்டிருக்காங்க. பெரியவளுக்கு 8, எந்நேரமும் வரைஞ்சிட்டே இருப்பா. சின்னவனுக்கு 4, எதைப் பாத்தாலும் கை வைப்பான், அதான் பயம். எங்க ரெண்டு பேருக்கும் ஓவியம் பத்தி ஒண்ணும் தெரியாது, பசங்க கேட்டா என்ன சொல்றதுன்னும் புரியல. போனவங்க கொஞ்சம் சொல்லுங்களேன்.

கலர்பென்சில்:
தாராளமா போங்க. ஆனா உள்ள போறது ஃப்ரீன்னாலும் ஒர்க்‌ஷாப்புக்கு சீட் கம்மியாதான் இருக்கும், முன்னாடியே பதிவு பண்ணணுமா இல்ல அங்க போய் டோக்கன் வாங்கணுமான்னு கேட்டுக்கோங்க, வயசு வரம்பும் பாருங்க, 4 வயசுன்னா பெரும்பாலும் பெரியவங்க யாராச்சும் கூடவே உக்காரணும். போனதும் நேரா ஒர்க்‌ஷாப்ல போய் உக்காராம முதல்ல கொஞ்சம் படம் பாத்துட்டு போனீங்கன்னா பசங்க கையில வேற மாதிரி வரும், இது என் அனுபவம். பொண்ணுக்கு பென்சிலும் நோட்டும் குடுங்க, பேனா, ஸ்கெட்ச் பென் எல்லாம் கேலரிக்குள்ள பொதுவா விட மாட்டாங்க, மை பட்டா போகாதுல்ல. முதுகுல பை மாட்டியிருந்தா முன்பக்கம் மாட்டச் சொல்வாங்க, திரும்பும்போது படத்துல இடிச்சிடும்னு.

சுவரோரம்:
நான் ஒரு மியூசியத்துல குழந்தைங்க க்ரூப்புக்கு வாலன்டியரா இருக்கேன். ஓவியம் தெரியலன்னு கவலையே படாதீங்க. அபிகெயில் ஹௌசன், ஃபிலிப் யெனவைன்னு ரெண்டு பேர் உருவாக்கின முறை ஒண்ணு இருக்கு, மூணே கேள்விதான்: இந்தப் படத்துல என்ன நடக்குது? எதைப் பாத்து அப்படிச் சொல்ற? வேற என்ன தெரியுது? பதில் சரியா தப்பான்னு நீங்க சொல்லவே வேண்டாம். ஒரு குட்டி "இந்த அக்கா கோவமா இருக்காங்க"ன்னு சொன்னான், எதைப் பாத்துன்னு கேட்டா "கை ரெண்டையும் இறுக்கிப் பிடிச்சிருக்காங்க பாருங்க"ங்கறான். அதுவரைக்கும் நான் அந்தக் கையைக் கவனிச்சதே இல்ல, ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. நாலஞ்சு படம் இப்படி நின்னு பாத்தாலே போதும், எல்லா ரூமையும் முடிக்கணும்னு இழுத்துட்டு ஓடாதீங்க.

தொடுற விஷயத்துக்கு, வெறுமனே தொடாதன்னா கேக்க மாட்டான், விரல்ல இருக்கிற வியர்வையும் எண்ணெயும் பெயிண்ட்ட கெடுத்துடும்னு காரணத்தைச் சொல்லுங்க. "கையைப் பின்னாடி கட்டிட்டு கண்ணால தொடு"ன்னு விளையாட்டாக்கிட்டா நல்லாவே வேலை செய்யுது. அப்புறம் பேப்பர்ல வரைஞ்ச படங்க இருக்கிற ரூம் மங்கலா இருக்கும், வெளிச்சம் பட்டா நிறம் வெளுத்துடும்னு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்குற அலகு) பக்கம்தான் வைப்பாங்க, இருட்டுன்னா பயப்படுற பையனா இருந்தா முன்னாடியே சொல்லி வைங்க.

காகிதப்படகு:
என் பையனுக்கு சத்தம், கூட்டம் ரெண்டுமே ஆகாது, ஆட்டிசம். ஃபேமிலி டே எங்களுக்கு சரிப்படல. சில மியூசியத்துல இந்த மாதிரி குழந்தைங்களுக்குன்னே கூட்டம் இல்லாத நேரம் தனியா ஒதுக்குறாங்க, விசாரிச்சுப் பாருங்க. ஃப்ரீ நாள்னு காத்திருக்கணும்னும் இல்ல, லண்டன் நேஷனல் கேலரில நிரந்தர கலெக்‌ஷன் பாக்க யாருக்குமே காசு கிடையாது, பாரிஸ் லூவ்ர் மியூசியத்துல 18 வயசுக்குள்ளன்னா ஃப்ரீ, உங்க மியூசியத்துலயும் குழந்தைங்களுக்கு எப்பவுமே ஃப்ரீயா இருக்கலாம்.

மழைத்துளி:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும்! போறதுக்கு முன்னாடி வீட்ல ஏதாச்சும் பழக்கணுமா?

சுவரோரம்:
மத்தீஸ்ங்கற ஃபிரெஞ்சு ஓவியரோட பேப்பர் கட்டிங் ஒண்ணு காட்டுங்க. வயசான காலத்துல உடம்பு முடியாம போனப்ப கலர் அடிச்ச பேப்பரைக் கத்தரியால வெட்டி ஒட்டியே படம் பண்ணினவர். 1953ல அவர் பண்ணின 'நத்தை'ங்கற படம் ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட 2.9 மீட்டர் இருக்கும். சின்னவன் பேப்பரைக் கிழிச்சு ஒட்டட்டும், பெரியவ வெட்டட்டும், அந்த ஒரு வேலையை ரெண்டு பேரும் சேந்தே பண்ணலாம்.