மாசூட்டலா, அயனியூட்டலா? மின்கடத்தும் பலபடி உணரிகளுக்கு ஒரு சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மின்கடத்தும் பலபடிகளால் (polymers) உணரிகள் (sensors) அமைப்பது குறித்த சொற்பட்டியலில், கடத்துதிறனை மாற்ற ஒரு பொருளுக்குள் வேற்றுப்பொருளைச் சேர்ப்பதைக் குறிக்கும் doping என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'மாசூட்டல்' என்பதை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று ஐயா முன்வைத்த கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. சிலிக்கனுக்கு அச்சொல் பொருந்தும். அங்கே பெரும்பாலும் பத்து லட்சம் அணுக்களுக்கு ஒன்று என்ற அளவிலோ, அதற்கும் குறைவாகவோ போரானோ பாஸ்பரஸோ படிகத்தில் இடம்பிடித்து, அங்கேயே தங்கிவிடுகிறது. பிரோல் என்னும் வளைய மூலக்கூறுகள் சங்கிலியாக இணைந்த மின்கடத்தும் பலபடியான பாலிபிரோலில் நடப்பது வேறு. சங்கிலியிலிருந்து எலக்ட்ரான்கள் நீங்கி அது நேர்மின் தன்மை பெறும்போது, அதனை ஈடுசெய்ய மூன்று நான்கு பிரோல் வளையங்களுக்கு ஒன்று என்ற வீதத்தில் எதிரயனிகள் (எதிர்மின் தன்மையுள்ள அயனிகள்) பலபடிப் படலத்துக்குள் வருகின்றன. மின்னழுத்தத்தை மாற்றினால் குளோரைடு போன்ற சிறிய அயனிகள் வெளியேறியும் விடுகின்றன. இவ்வளவு தாராளமாக இருப்பதை மாசு என்பது எப்படி?

ஷிரகாவா, மெக்டியார்மிட், ஹீகர் ஆகியோர் 1977-இல் பாலிஅசெட்டிலீன் என்ற பலபடியை அயோடினுக்கு உட்படுத்தி, அதன் கடத்துதிறன் பன்மடங்கு உயர்வதைக் காட்டினர். 2000-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசும் பெற்றனர். குறைக்கடத்தி இயற்பியலின் சொல் அப்போதே இத்துறைக்கும் கடனாக வந்துவிட்டது. ஆங்கிலத்தில் அது பழகிவிட்டது என்பதற்காக நாமும் அக்கடனைச் சுமக்க வேண்டியதில்லை.

குளுக்கோஸ் உயிரியுணரியை எடுத்துக்கொள்வோம். பிரோலும் குளுக்கோஸ் ஆக்சிடேசு நொதியும் கரைந்த நடுநிலைக் கரைசலில் பிளாட்டின மின்முனையை வைத்து மின்னழுத்தம் கொடுத்தால், முனையின்மேல் கருநிறப் படலம் வளரும்போதே நொதியும் அதனுள் சிறைப்படுகிறது. அந்நிலையில் நொதி எதிர்மின் தன்மையுடன் இருப்பதால், சங்கிலியின் நேர்மின்னை ஓரளவு அதுவே ஈடுசெய்கிறது. குளுக்கோசை இனங்காணும் நொதியையே மாசு என்று எழுதினால் மாணவர் என்ன புரிந்துகொள்வார்?

பாலிஅனிலின் என்ற மற்றொரு மின்கடத்தும் பலபடியில் எலக்ட்ரான் நீங்காமலே, அமிலத்தின் புரோட்டான் ஏறுவதாலேயே கடத்துதிறன் வந்துவிடுகிறது. பச்சை நிறப் படலத்தின்மீது அம்மோனியா பட்டதும் அது புரோட்டானைக் கவர்ந்துகொள்ள, படலம் நீலமாகி மின்தடை ஏறுகிறது. அம்மோனியா உணரியின் வேலையே இதுதான். குருதியின் 7.4 பிஎச் மதிப்பில் சாதாரண பாலிஅனிலின் செயலிழப்பதற்கும் இதே புரோட்டான் இழப்புதான் காரணம்.

எதிரயனி, புரோட்டான் இரண்டுமே அயனிகள் என்பதால் 'அயனியூட்டல்' என்று முன்மொழிகிறேன். 'அயனியேற்றம்' என்றால் அயனியாக்கத்தோடு குழம்பும். எதிர்ச்செயலுக்கு, அதாவது ஊட்டிய அயனிகள் வெளியேறுவதற்கு, 'அயனிநீக்கம்' ஆகாது. நீர்த் தூய்மிப்பில் அது வேறு பொருளில் வழங்குகிறது. 'அயனிவிடுப்பு' எனலாம், சற்றுச் செயற்கையாக ஒலிப்பதாகக் கருதுவோர் மாற்றுச் சொல் தரட்டும். பலபடியா, இலங்கை வழக்கிலுள்ள பல்பகுதியமா என்ற கேள்வியைத் தனி இழையில் பேசிக்கொள்ளலாம். அயனியூட்டல் இரண்டோடும் இசையும்.