"விசுவாசம் கேள்வியினால் வரும்": இது என்ன கேள்வி?

வெண்ணாற்றங்கரை:
ஞாயிறு பள்ளி பெரிய வகுப்புக்கு விசுவாசமும் கீழ்ப்படிதலும் பற்றி 40 நிமிடப் பாடம். பைபிளில் பவுலின் கடிதமான ரோமர் 10:17இல் இந்த வரியை வாசித்தால் "கேள்வி கேட்டா விசுவாசம் வருமா சார்?" என்கிறார்கள். போதாததற்கு, பவுல் விசுவாசத்தினாலே நீதிமான் என்கிறார், யாக்கோபு கிரியைகளினாலே, அதாவது செயல்களினாலே, என்கிறார். ஒரே வகுப்பில் எப்படி முடிப்பது? நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பிடிபடுகிற உதாரணமும் வேண்டும்.

பொறையாறு வாசகர்:
அந்தக் 'கேள்வி' வினா இல்லை, காதால் கேட்பது. திருக்குறள் 42ஆம் அதிகாரத்தின் பெயரே கேள்விதான், அங்கிருந்து தொடங்குங்கள். பிறகு ஒரு வசனம் பின்னால் போங்கள். 10:16இல் "கீழ்ப்படியவில்லை" என்று இருக்கிறதே, கிரேக்கத்தில் அதுவும் 'கேள்' என்ற வேரில் பிறந்த சொல். தமிழனுக்கு இதை விளக்கவே வேண்டாம். "பையன் சொன்ன பேச்சைக் கேட்கிறானா?" என்றால் யாரும் காது டாக்டரைத் தேட மாட்டார்கள்.

பவுலும் யாக்கோபும் காட்டுவது ஒரே ஆபிரகாமை, வேறு வேறு நாளில். பலகையில் ஒரு கோடு போட்டு ஆதியாகமத்திலிருந்து நாலு புள்ளி வையுங்கள்: 15:6 விசுவாசித்தான், நீதியாக எண்ணப்பட்டது, 16:16 இஸ்மவேல் பிறந்தபோது வயது 86, 17:24 விருத்தசேதனம், வயது 99, 22ஆம் அதிகாரம், ஈசாக்கு பலிபீடத்தில். விருத்தசேதனத்துக்கு முன்பா பின்பா என்று ரோமர் 4:10 கேட்பதற்கு விடை கோட்டிலேயே தெரியும்: குறைந்தது 13 வருஷம் முன்பு. யாக்கோபு 2:21 கடைசிப் புள்ளியைப் பிடிக்கிறது. 2:23இல் அவரே முதல் புள்ளிக்குத் திரும்பி "நிறைவேறிற்று" என்கிறார். விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் என்கிற யாக்கோபு 2:24ஐ மட்டும் முதலில் வாசித்துவிடாதீர்கள், வகுப்பு பட்டிமன்றமாகிவிடும்.

கொள்ளிடக்கரை:
உதாரணத்துக்கு யோசுவா 3: ஆசாரியர்கள் உடன்படிக்கைப் பெட்டியைச் சுமந்து முன்னே போக, இஸ்ரவேல் ஜனங்கள் யோர்தான் ஆற்றைக் கடந்த கதை. ஆனால் 3:15இல் நம்ம பிள்ளைகள் இடறுவார்கள். அறுப்புக்காலத்தில் யோர்தான் கரைபுரளும் என்கிறது. இங்கே சம்பா அறுப்பில் ஆற்றில் மணல்தான் கிடக்கும், ஜனவரி 28 வாக்கில் மேட்டூரையும் மூடிவிடுவார்கள். அங்கே அறுப்பு வசந்தத்தில், எர்மோன் மலைப் பனி உருகி வரும் நேரம். இதைச் சொல்லிவிட்டு, ஆடியில் இரு கரையும் தொட்டு ஓடும் கொள்ளிடத்தை நினைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் நின்ற பிறகு ஆசாரியர்கள் இறங்கவில்லை. கால் ஓரத்துத் தண்ணீரில் பட்ட பிறகே நின்றது. அந்த ஓர் அடிதான் பாடம்.

குடமுருட்டி:
இரண்டு எச்சரிக்கை. கீழ்ப்படிந்தால் வயல் விளையும், பரீட்சை பாஸாகும் என்று பேரம் ஆக்காதீர்கள். தானியேல் 3:18இல் சிலையை வணங்க மறுத்து அக்கினிச் சூளைக்கு முன் நிற்கும் மூன்று பேர், தேவன் "விடுவிக்காமற்போனாலும்" வணங்க மாட்டோம் என்று நிற்கிறார்கள். அடுத்தது, பெரியவர்கள் எதைச் சொன்னாலும் செய் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த வயதுக்கு இது முக்கியம். மனுஷருக்குக் கீழ்ப்படிவதைவிட தேவனுக்குக் கீழ்ப்படிவதே அவசியம் என்கிற அப்போஸ்தலர் 5:29 கட்டாயம் வாசியுங்கள். நேரம் மிஞ்சினால் 1 சாமுவேல் 15: எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லியும் நல்ல ஆடுகளைத் தப்பவிட்டு, பலிக்காக என்று சாக்குச் சொன்ன ராஜா சவுல்.

வெண்ணாற்றங்கரை:
நன்றி ஐயா. யோசுவா 3:4இல் பெட்டிக்கும் ஜனங்களுக்கும் நடுவே 2000 முழம் என்கிறதே, எவ்வளவு தூரம் காட்டலாம்?

கொள்ளிடக்கரை:
முழம் சுமார் 45 செ.மீ. கிட்டத்தட்ட 900 மீட்டர். கோவில் வாசலில் நிறுத்தி அந்தத் தூரத்தில் தெரியும் மதகையோ பனைமரத்தையோ காட்டுங்கள்.