புதிதாக வந்தவர்களுக்கு: செய்தியைக் குறையுங்கள், குப்பைத்தொட்டியைக் கவனியுங்கள்

போன வாரம் பிரிட்டனில் வந்து இறங்கியவர்களில் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். "அண்ணா, இந்த ஊர்ச் செய்தியைப் பார்த்தால் பயமாக இருக்கிறது, தப்பான நேரத்தில் வந்துவிட்டோமா?" நான் திருச்சியிலிருந்து 2003இல் வந்தேன். அந்த வருடமும் இந்த நாடு அழிந்துகொண்டுதான் இருந்தது. லண்டனின் ஹாரோவில் வீடு, கணக்கு பார்க்கும் வேலை, காலையில் இட்லி, சாயங்காலம் டெலிகிராஃப் பத்திரிகை. அரசியலில் கொஞ்சம் பழமைவாதி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிடிக்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

பத்திரிகை விஷயம் முதலில். வலதுசாரி டெய்லி மெயில் படித்தால் நம் வீடு கொள்ளை போய்விட்டது போல இருக்கும். இடதுசாரி கார்டியன் படித்தால் கொள்ளையடித்ததே நாம்தான் என்று தோன்றும். இரண்டையும் வெறும் வயிற்றில் படிக்காதீர்கள். வந்த முதல் ஆறு மாதத்துக்கு உங்களுக்கு அவசியமான ஒரே செய்தி, உங்கள் தெருவில் எந்தக் கிழமை எந்த நிறக் குப்பைத்தொட்டி எடுக்கிறார்கள் என்பது. அது கவுன்சில் (நம்ம ஊர் நகராட்சி மாதிரி) இணையதளத்தில் இருக்கிறது. நம்பகமான ஊடகம் என்று நான் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

பிரதமர் பெயரை மனப்பாடம் செய்ய அவசரப்பட வேண்டாம். 2016 ஜூலையில் கேமரூன் வீட்டைக் காலி செய்தார். அப்புறம் மே, ஜான்சன், ட்ரஸ், சுனக், 2024 ஜூலையில் ஸ்டார்மர். எட்டு வருடத்தில் ஆறு முகம். லிஸ் ட்ரஸ் 49 நாள் இருந்தார். அவர் தாங்குவாரா, ஒரு லெட்டூஸ் கீரை தாங்குமா என்று டெய்லி ஸ்டார் பத்திரிகை கேமராவை வைத்து நேரலையில் காட்டியது. கீரைதான் ஜெயித்தது. இத்தனை பேரையும் பார்த்துவிட்டது 2011இல் எலி பிடிக்க வந்த லாரி என்ற பூனை. பிரதமர் குடியிருக்கும் டௌனிங் தெரு பத்தாம் எண் வீட்டில் குடித்தனக்காரர்கள் மாறுவார்கள், வீட்டுக்காரர் அந்தப் பூனைதான்.

என் கட்சியையும் விட்டுவைக்க மாட்டேன். கன்சர்வேட்டிவ் என்றால் பாதுகாப்பவர் என்று பொருள். 2010 முதல் 2024 வரை 14 வருடம் ஆண்டு எதைப் பாதுகாத்தார்கள் என்று கேட்டால் எனக்கே பதில் தெரியவில்லை. வருடத்துக்கு வந்து குடியேறுவோரிலிருந்து போவோரைக் கழித்தால் ஒரு லட்சத்துக்குள் நிறுத்துவோம் என்றுதான் கேமரூன் வந்தார். 2023இல் அந்தக் கணக்கு 9 லட்சத்தைத் தாண்டியது. கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்தக் கணக்கில் இதைப் படிக்கிற சிலரும் இருக்கிறீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. கதவில் 'உள்ளே வராதே' என்று எழுதிவிட்டுத் தாழ்ப்பாளைத் திறந்து வைத்தவர்கள் மேல்தான் தப்பு. யாராவது பேச்சுவாக்கில் "நீங்களெல்லாம் எங்கள் என்எச்எஸ் அரசு மருத்துவத்தை இலவசமாக..." என்று ஆரம்பித்தால் சண்டை போட வேண்டாம். 2024 பிப்ரவரியிலிருந்து வேலை விசாவோடு பெரும்பாலும் வருடத்துக்கு 1,035 பவுண்டு மருத்துவக் கட்டணம் முன்கூட்டியே கட்டுகிறோம் என்று மட்டும் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு அது தெரியாது. ஆச்சரியப்படுவார்கள், அப்புறம் மழையைப் பற்றிப் பேசுவார்கள்.

இனி, பலருக்குத் தெரியாத சங்கதி. உங்களுக்கு இங்கே ஓட்டு உண்டு. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், எல்லாமே காமன்வெல்த். சட்டப்படி இங்கே வசிக்கிற காமன்வெல்த் குடிமக்கள், மாணவர் விசாவானாலும் வேலை விசாவானாலும், நாடாளுமன்றத் தேர்தல் வரைக்கும் ஓட்டுப் போடலாம். இணையத்தில் பதிய ஐந்து நிமிடம். பட்டியலில் பெயர் ஏறினால் உங்கள் கிரெடிட் ஸ்கோருக்கும் நல்லது. ஓட்டில் ஆர்வம் இல்லாதவர்கள் அதற்காகவாவது பதியுங்கள்.

நான் முதலில் போட்டது 2005 மே மாதம், ஒரு வியாழக்கிழமை. சாவடி தேவாலயத்தை ஒட்டிய ஒரு கூடம். வாசலில் ஒரு நாயைக் கட்டிவிட்டு அதன் சொந்தக்காரர் உள்ளே போயிருந்தார். போலீஸ் கூட்டம் இல்லை, பிரியாணிப் பொட்டலம் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பாட்டியம்மா. பாஸ்போர்ட்டை நீட்டினேன், "வேண்டாம் கண்ணு, பெயரும் முகவரியும் சொன்னால் போதும்" என்கிற தோரணையில் கையை ஆட்டினார். அடிக்கோலை வைத்துப் பட்டியலில் என் பெயரை நேராகக் கோடிட்டார். மறைப்புக்குள் நூலில் கட்டிய ஒரு பென்சில். பென்சில்! போட்டுவிட்டுத் திரும்பி வந்து பழக்க தோஷத்தில் இடது ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டு நின்றேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் விரலையே பார்த்துவிட்டு, அடிபட்டிருக்கிறதா, பிளாஸ்டர் வேண்டுமா என்று கேட்டார்.

அந்த நம்பிக்கையில்தான் இந்த நாடு அதுவரை ஓடியது. 2023 மே உள்ளாட்சித் தேர்தலிலிருந்து இங்கிலாந்தில் படம் போட்ட அடையாளம் கேட்கிறார்கள். அதற்கே ஜனநாயகம் செத்துவிட்டது என்று சிலர் தொலைக்காட்சியில் ஒப்பாரி வைத்தார்கள். வாக்காளர் அட்டையோடு வளர்ந்த நமக்கு அது புரியாது. ஆனாலும் அந்தப் பாட்டியின் அடிக்கோல் எனக்கு இன்னும் ஏக்கம்தான். உங்கள் நாட்டுப் பாஸ்போர்ட்டே செல்லும், போனில் இருக்கிற இ-விசா செல்லாது. மறக்காதீர்கள்.

தேர்தலில் யாருக்கு எத்தனை இடம் என்கிற கணக்கு நம்ம ஊர்க் கணக்கேதான், இங்கிருந்துதானே அங்கே வந்தது. 2024இல் லேபர் கட்சிக்கு நூற்றுக்கு 34 ஓட்டு, 650இல் 400க்கு மேல் இடம். ரிஃபார்ம் கட்சிக்கு நூற்றுக்கு 14, இடம் ஐந்து. அதே தேர்தலில் ஸ்ட்ராட்ஃபோர்டு அண்ட் போ தொகுதியில் உமா குமரன் ஜெயித்து முதல் தமிழ் எம்பி ஆனார். லேபர் என்றாலும் அன்றைக்கு நானும் பாயசம் சாப்பிட்டேன், மறைப்பானேன்.

எம்பியிடம் போகக் கூச்சப்பட வேண்டாம். தொகுதியில் அடிக்கடி 'சர்ஜரி' வைப்பார்கள். கத்தி கிடையாது, குறை கேட்கும் நேரம் அவ்வளவுதான். என் மனைவியின் விசாக் காகிதம் ஓர் அலுவலகத்தில் ஏழு மாதம் தூங்கியது. எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத கட்சியின் எம்பி ஒரே ஒரு கடிதம் போட்டார், மூன்று வாரத்தில் எழுந்துகொண்டது. யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

டிவி லைசென்ஸ் கடிதம் வந்து நடுங்கிப்போன தங்கச்சிக்கு: 'லீகல் ஆக்குபையர்' (சட்டப்படி குடியிருப்பவர்) என்று பெயர் போட்டு, சிவப்பு எழுத்தில், நாளைக்கே பிடித்துக்கொண்டு போகப்போவது போலத்தான் எழுதுவார்கள். நேரலையில் எந்தச் சேனல் பார்த்தாலும், சன் டிவியை லேப்டாப்பில் பார்த்தாலும்கூட, லைசென்ஸ் வேண்டும். பிபிசியின் ஐபிளேயருக்கும் வேண்டும். 2025 ஏப்ரலில் வருடத்துக்கு 174.50 பவுண்டு ஆனது. நெட்ஃப்ளிக்ஸில் படம் மட்டும் பார்ப்பவர்களுக்குத் தேவையில்லை, அதைத் தெரிவித்துவிட்டால் போதும். வீட்டுக்கு ஆள் வந்தாலும் நீதிமன்ற வாரன்ட் இல்லாமல் உள்ளே விட வேண்டிய கட்டாயம் இல்லை. மரியாதையாகப் பேசி அனுப்புங்கள்.

இந்த லைசென்ஸ் பணம் போவது பிபிசிக்கு. எங்கள் தாத்தா சிற்றலையில் பிபிசி தமிழோசை கேட்டவர். பிபிசி சொன்னால் அவருக்கு வேதவாக்கு. அந்த நிறுவனம் டிரம்ப்பின் 2021 ஜனவரி 6 பேச்சில், 50 நிமிடத்துக்கு மேல் இடைவெளி உள்ள இரண்டு இடங்களை ஒன்றாக ஒட்டிக் காட்டி, அதனால் 2025 நவம்பரில் தலைமை இயக்குநரே ராஜினாமா செய்தார். தாத்தா போய்ச்சேர்ந்தது நல்லதாயிற்று. நான் பணம் கட்டுகிறேனா? கட்டுகிறேன். கிரிக்கெட் வானொலி வர்ணனைக்காகத்தான் என்று மனைவியிடம் சொல்வேன், வானொலிக்கு லைசென்ஸே வேண்டாம் என்று அவள் ஒவ்வொரு வருடமும் சொல்கிறாள்.

கவுன்சில் வரி: இங்கிலாந்தில் உங்கள் வீடு 1991 ஏப்ரலில் என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதை வைத்து. வீடே போன வருடம் கட்டியதாக இருந்தாலும் அப்படித்தான். காரணம் கேட்காதீர்கள். தனியாக இருந்தால் 25 சதவீதத் தள்ளுபடி கேட்டு வாங்குங்கள்.

பப்புக்குக் கூப்பிட்டால் போங்கள். குடிக்கவே வேண்டாம், ஆரஞ்சு ஜூஸ் போதும். ஆனால் 'ரவுண்டு' என்பது மொய் மாதிரி. நாலு பேர் போனால் ஒவ்வொருவரும் ஒரு சுற்று எல்லோருக்கும் வாங்க வேண்டும். மொய் நோட்டு கிடையாது, ஆனால் எல்லோர் மண்டையிலும் எழுதியிருக்கும். இந்த நாட்டின் அரசியல் சட்டமும் ஒரே புத்தகமாக எழுதப்படாமல் அப்படித்தான் ஓடுகிறது.

2025 கோடையில் விளக்குக் கம்பங்களில் இங்கிலாந்துக் கொடி கட்டினார்களே, அதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தெருமுனைக்கு நாலு கட்சிக் கொடிக்கம்பம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கொடியைப் பார்த்து ஓட வேண்டாம். கொடிக்குக் கீழே கல்லோடு எவனாவது நின்றால் மட்டும் அடுத்த தெரு வழியாகப் போங்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எண்பது தாண்டிவிட்டது. போரில் இறந்தவர்களை நினைக்கும் நவம்பர் இரண்டாவது ஞாயிறு, தன் அப்பாவின் பதக்கங்களைக் கோட்டின் வலப்பக்கம் குத்திக்கொண்டு கிளம்புவார். சொந்தப் பதக்கம் என்றால்தான் இடப்பக்கம். அப்பா பர்மாவில் சண்டையிட்டவராம். "உங்கள் ஊர்க்காரர்கள் கூட இருந்தார்கள் என்று சொல்வார்" என்றார் ஒருமுறை. இருபது வருடத்தில் எங்களுக்குள் நடந்த நீளமான பேச்சு அதுதான். அம்மா தவறிப்போய் நான் மூன்று வாரம் திருச்சியில் இருந்தபோது, ஒவ்வொரு வாரமும் எங்கள் தொட்டியை வெளியே வைத்து, திரும்ப உள்ளே இழுத்துக் கழுவியும் வைத்திருந்தார். நன்றி சொல்லப் போனால், மூடியில் ஸ்டிக்கர் உரிகிறது, வீட்டு எண்ணை மாற்றி ஒட்டு என்றார்.

நாளை நீலத் தொட்டி. மணி இப்போது மாலை ஆறே முக்கால். ஏழுக்கு முன்னால் வெளியே வைத்தால் அவர் ஜன்னல் திரை அசையும். மீதிக் கேள்விகளுக்கு அப்புறம் வருகிறேன்.