காய்ச்சலின்போது துத்தநாகமும் இரும்பும் குறைவு என்று வந்த முடிவு: மாத்திரைகளைத் தொடரலாமா?

மழைத்துளி (கேள்வி)

மூன்று வாரங்களுக்கு முன்பு எங்கள் வீட்டில் அனைவருக்கும் இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் வந்தது. எனக்கும் என் கணவருக்கும் ஐந்தாறு நாட்களில் சரியாகிவிட்டது. 68 வயதான என் அப்பாவுக்கு மட்டும் இருமலும் அசதியும் இன்னும் முழுதாக விலகவில்லை. காய்ச்சல் உச்சத்தில் இருந்த நான்காம் நாளில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் துத்தநாகமும் இரும்பும் இயல்பைவிடக் குறைவு, ஃபெரிட்டின் மட்டும் அதிகம், வைட்டமின் டி ஒரு மில்லிலிட்டருக்கு 17 நானோகிராம் என்று வந்திருந்தது.

அந்தத் தாளைப் பார்த்த உறவினர் ஒருவர், சத்துக் குறைவினால்தான் எதிர்ப்பாற்றல் குன்றி நோய் இழுத்துக்கொண்டு போகிறது என்று அடித்துச் சொல்லி, வைட்டமின் சி 1000 மி.கி. நாளுக்கு இரண்டு, துத்தநாகம் 50 மி.கி. ஒன்று, வைட்டமின் டி ஒன்று, இரும்புச்சத்து ஒன்று என்று மாத்திரைகளை வாங்கிக் கொடுத்துவிட்டார். அப்பாவும் காலையில் எழுந்தவுடன், வழக்கமான தைராய்டு மாத்திரையோடு சேர்த்து, வெறும் வயிற்றில் எல்லாவற்றையும் ஒரே மடக்கில் விழுங்கிவிடுகிறார். சில நாட்களாகக் காலையில் குமட்டுகிறது என்கிறார். அதுவும் நோயின் மிச்சம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் குறைவுதான் நோய் நீண்டதற்குக் காரணமா, இந்த மாத்திரைகள் சுவாசத் தொற்றின்போது உண்மையில் துணை செய்கின்றனவா, செய்யுமென்றால் எத்தனை நாள் தொடர வேண்டும் என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஆய்வகவாசி

உயிர்வேதியியல் ஆய்வகத்தில் பணிபுரிபவன் என்ற முறையில், மாத்திரைகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு அந்தப் பரிசோதனைத் தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரத்தம் எடுத்த நாள்தான் இங்கே முக்கியம். தொற்று உச்சத்தில் இருக்கும்போது துத்தநாகமும் இரும்பும் இரத்தத்தில் குறைவது உடலில் அவை தீர்ந்துபோனதன் அடையாளம் ஆகாது. பெரும்பாலும் உடலே அவற்றை வேண்டுமென்றே உள்ளே இழுத்து வைத்துக்கொண்டதன் விளைவாகவே அது இருக்கும்.

நோய்க்கிருமி நுழைந்ததும் வெள்ளையணுக்கள் இன்டர்லூக்கின்-6 போன்ற செய்திப் புரதங்களை வெளியிடுகின்றன. அவை கல்லீரலை எட்டியதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடுகிறது; அது குடலிலிருந்து இரும்பு உறிஞ்சப்படுவதையும், சேமிப்பு அணுக்களிலிருந்து இரும்பு வெளியேறுவதையும் ஒருசேர அடைத்துவிடுகிறது. பாக்டீரியாக்கள் பெருகுவதற்கு இரும்பு வேண்டும் என்பதால், அவற்றின் கண்ணில் படாமல் அதைப் பூட்டி வைக்கும் பழமையான தற்காப்பு இது. வந்திருப்பது வைரஸா பாக்டீரியாவா என்று பார்த்து உடல் இதைச் செய்வதில்லை. இன்ஃப்ளூயன்சாவிலும் இதேதான் நடக்கும். இரும்பு குறைவாகவும் ஃபெரிட்டின் அதிகமாகவும் வந்த உங்கள் அப்பாவின் முடிவு இந்த நிலைக்குப் பாடநூலில் காட்டும் எடுத்துக்காட்டைப் போலவே இருக்கிறது. ஃபெரிட்டின் இரும்பைச் சேமிக்கும் புரதம்; வெறும் இரும்புச்சத்துக் குறைபாடாக இருந்திருந்தால் அதுவும் சேர்ந்தே இறங்கியிருக்கும். ஆனால் அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் தானாகவே ஏறும் என்பதால், அடியில் உண்மையான குறைபாடு ஒளிந்திருக்கிறதா என்பதையும் இந்தத் தாளை வைத்துச் சொல்ல முடியாது.

துத்தநாகத்தின் கதையும் ஏறக்குறைய இதுவே. உடலில் மொத்தம் இரண்டு கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகத் துத்தநாகம் உண்டு. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் பிளாஸ்மா எனப்படும் இரத்த நீரில் மிதக்கிறது. நாம் அளப்பது அந்தத் துளியைத்தான். காய்ச்சலின்போது கல்லீரல் அதில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. துத்தநாகத்தைச் சுமக்கும் ஆல்புமின் என்ற இரத்தப் புரதமும் இறங்குகிறது. எண் தானே குறைகிறது. வைட்டமின் ஏ, சி, டி ஆகியவற்றின் இரத்த அளவுகளும் அழற்சியின்போது வெவ்வேறு விகிதங்களில் சரிவதுண்டு. நோயாளிகளிடம் குறைவாக இருந்தது, ஆகவே குறைவினால்தான் நோய் முற்றியது என்று சொல்லும் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம், எது முன்பு வந்தது என்ற கேள்வியை ஏன் யாருமே கேட்பதில்லை என்று எனக்கு அலுப்பாக இருக்கும்.

இரவுப்பணி

நான் பொதுநல மருத்துவர். மேலே உள்ள விளக்கத்தை ஏற்றுக்கொண்டு, உடனே கவனிக்க வேண்டியதை முதலில் சொல்கிறேன்: தைராய்டு மாத்திரையோடு இரும்பைச் சேர்த்து விழுங்கக் கூடாது. அந்த மாத்திரையில் உள்ள லீவோதைராக்சின் என்ற மருந்தை இரும்பு குடலிலேயே பற்றிக்கொண்டு உறிஞ்சவிடாமல் செய்துவிடும்; இரண்டுக்கும் இடையே குறைந்தது நான்கு மணி நேரம் வேண்டும். உங்கள் அப்பாவின் அசதி நீள்வதற்கு இதுகூட ஒரு காரணமாக இருக்கலாம் என்பதால், அவருடைய மருத்துவரிடம் இதைச் சொல்லி, தைராய்டு அளவை எப்போது மறுபடி பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். வெறும் வயிற்றில் இரும்பும் துத்தநாகமும் சேர்ந்தால் குமட்டல் வருவது மிகவும் சாதாரணம். அதற்கு வைரஸைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

இனி உங்கள் முதன்மையான கேள்விக்கு வருகிறேன். இந்தச் சத்துகள் எதிர்ப்பாற்றலுக்குத் தேவையா என்றால் ஐயத்துக்கு இடமில்லை. மூச்சுக்குழாயின் உட்சவ்வு ஈரமாகவும், அதன் மேலுள்ள நுண்மயிர்கள் சளியை மேல்நோக்கித் தள்ளும் நிலையிலும் இருப்பதற்கு வைட்டமின் ஏ வேண்டும். அது இல்லாவிட்டால் சவ்வு தோலைப் போல வறண்டு தடித்துவிடும். வைட்டமின் சி, இரத்த நீரில் உள்ளதைவிடப் பல பத்து மடங்கு செறிவில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களுக்குள் சேர்த்து வைக்கப்படுகிறது. கிருமியைக் கொல்ல அந்த அணுக்கள் உமிழும் வேதிப்பொருள்கள் அவற்றையே எரித்துவிடாமல் அதுதான் காக்கிறது. வைட்டமின் டியை, கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் அணுக்கள் தாங்களே செயல்வடிவத்துக்கு மாற்றி, கத்தெலிசிடின் என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தைத் தயாரிக்கப் பயன்படுத்துகின்றன. துத்தநாகம் இல்லையென்றால் தைமஸ் சுரப்பி சுருங்கி, டி அணுக்கள் என்ற வெள்ளையணுக்கள் முதிர்வதே தடைப்படும். 1960களின் தொடக்கத்தில் ஆனந்த பிரசாத் என்ற மருத்துவர் ஈரானில் வளர்ச்சி குன்றியிருந்த இளைஞர்களை ஆராய்ந்து இந்தக் குறைபாட்டை முதன்முதலில் அடையாளம் காட்டும்வரை, மனிதர்களுக்கு இப்படியொரு குறை வரக்கூடும் என்பதையே மருத்துவ உலகம் நம்பவில்லை.

குறை இருந்தால் கேடு என்பதிலிருந்து, கூடுதலாகக் கொடுத்தால் கூடுதல் பலன் என்று தாவும்போதுதான் சிக்கல் வருகிறது. வைட்டமின் டியை எடுத்துக்கொள்ளுங்கள். 25 சோதனைகளில் பங்கேற்ற ஏறத்தாழ 11,000 பேரின் தரவுகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த பகுப்பாய்வில், சுவாசத் தொற்று சற்றுக் குறைந்தது தெரிந்தது. அந்தப் பலன் பெரிதாகத் தெரிந்தது, தொடக்க அளவு 10 நானோகிராமுக்கும் கீழே இருந்து, நாள்தோறுமோ வாரந்தோறுமோ சிறிய அளவில் எடுத்துக்கொண்டவர்களிடம். ஒரேயடியாகப் பெரிய அளவு கொடுக்கப்பட்டவர்களிடம் அது தெரியவில்லை. பின்னர் வந்த சோதனைகளையும் சேர்த்து 2025இல் மீண்டும் கணக்கிட்டபோது, ஒட்டுமொத்தப் பலன் புள்ளியியல் உறுதி இல்லாத அளவுக்கு மெலிந்துவிட்டது. கோவிட் காலத்தில் நார்வேயில் 34,000க்கும் மேற்பட்டோரிடம் நாளுக்கு 5 மி.லி. காட் மீன் ஈரல் எண்ணெய் கொடுத்துப் பார்த்தார்கள், தொற்று குறையவில்லை. அவர்களில் பெரும்பாலானோருக்கு ஏற்கெனவே போதிய அளவு வைட்டமின் டி இருந்தது என்பதை இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும்.

உங்கள் அப்பாவின் 17 என்பது மிதமான குறைவு. வயதைக் கருதி, எலும்புக்காகவே அவர் நாளுக்கு 800 முதல் 1000 அலகுகள் எடுத்துக்கொள்வதில் தவறில்லை. இருமலை அது விரட்டும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

துத்தநாகம் பற்றி எச்சரிக்கை தேவை. பெரியவர்களுக்கான நாளொன்றின் உச்சவரம்பு 40 மி.கி. அதைத் தாண்டி மாதக்கணக்கில் எடுத்தால், குடல் அணுக்களில் பெருகும் மெட்டலோதயோனின் என்ற புரதம் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ள, இரத்தசோகையும் வெள்ளையணுக் குறைவும், முற்றினால் நரம்புப் பாதிப்பும் வரும். எதிர்ப்பாற்றலுக்காகத் தொடங்கிய மாத்திரை வெள்ளையணுக்களையே குறைப்பதில் இருக்கும் முரணைக் கவனியுங்கள். ஆனால் புட்டியில் உள்ள 50 என்பது எதன் எடை என்று முதலில் பாருங்கள். துத்தநாக குளுக்கோனேட் 50 மி.கி. என்றால் அதில் உள்ள துத்தநாகம் சுமார் 7 மி.கி.தான், துத்தநாகமே 50 மி.கி. என்றால் அது வரம்பைக் கடந்த அளவு.

நெடுந்தூர ஓட்டக்காரர்

மருத்துவர் அவர்கள் பொறுத்தருள வேண்டும். வைட்டமின் சி கூடுதலாக எடுப்பதால் பயனில்லை என்ற தொனியை என்னால் ஏற்க இயலவில்லை. பத்து ஆண்டுகளாக மாரத்தான் ஓடுகிறேன். பயிற்சி கடுமையாகும் வாரங்களில் முன்பெல்லாம் தவறாமல் சளி பிடிக்கும். நாள்தோறும் 500 மி.கி. எடுக்கத் தொடங்கிய பிறகு அது வெகுவாகக் குறைந்தது. இது வெறும் மனப்பிரமை என்றால், என்னைப் போன்றவர்களிடம் நடத்திய சோதனைகளிலும் அதே பலன் தெரிந்தது எப்படி?

இரவுப்பணி

நீங்கள் சொல்வது சரி. அதை நான் விட்டிருக்கக் கூடாது. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரன் அமைப்பு 2013இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், மாரத்தான் ஓட்டக்காரர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், கடுங்குளிரில் பயிற்சி பெற்ற படைவீரர்கள் என்று சுமார் 600 பேர் பங்கேற்ற ஐந்து சோதனைகளில் சளி பிடிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. உடலை அந்த அளவுக்கு வருத்துபவர்களுக்குத் தேவை கூடுகிறது என்று எடுத்துக்கொள்வது நியாயமானதே. ஆனால் அதே ஆய்வில், மற்ற மக்களிடம் சளி வரும் எண்ணிக்கை குறையவில்லை. நாள்தோறும் முன்கூட்டியே எடுத்துவந்த பெரியவர்களுக்குச் சளி நீடித்த காலம் மட்டும் 8 விழுக்காடு குறைந்தது. ஏழு நாள் சளியில் அது பதின்மூன்று மணி நேரம். சளி தொடங்கிய பிறகு எடுத்தவர்களிடம் நிலையான பலன் எதுவும் தெரியவில்லை. மழைத்துளியின் அப்பா இந்தக் கடைசி வகையினர். கோவிட் நோயாளிகள் 214 பேரை வீட்டிலேயே வைத்து, 8000 மி.கி. வைட்டமின் சி, 50 மி.கி. துத்தநாக குளுக்கோனேட், இரண்டும் சேர்த்து, இரண்டும் இல்லாமல் என்று பிரித்துப் பார்த்த அமெரிக்கச் சோதனையும், பலன் தெரியும் அறிகுறி இல்லை என்று பாதியிலேயே நிறுத்தப்பட்டது; அதன் முடிவு 2021இல் வெளியானது.

நாளுக்கு 2000 மி.கி. என்பது வைட்டமின் சியின் உச்சவரம்பைத் தொட்டு நிற்கும் அளவு. முன்பு சிறுநீரகக் கல் வந்தவர் என்றால் உடனே குறைத்துவிடுவது நல்லது.

பத்தியம்

மருத்துவமனை உணவியல் பிரிவில் இருப்பதால் இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன். சத்து கொடுத்தால் உயிர் பிழைக்கும் என்று திட்டவட்டமாகச் சொல்லத்தக்க சுவாசவழி வைரஸ் நோய் தட்டம்மை. அந்த நோய் வந்த குழந்தைகளுக்கு வயதுக்கேற்ற அளவில் வைட்டமின் ஏயை அடுத்தடுத்த இரண்டு நாட்கள் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஒரு வயதைக் கடந்த குழந்தைக்கு ஒவ்வொரு முறையும் 2,00,000 அலகுகள். ஏற்கெனவே குறைவாக உள்ள சேமிப்பைத் தட்டம்மை வேகமாகக் கரைத்துவிடுவதால் அங்கே மாத்திரை இடைவெளியை நிரப்புகிறது. ஆயினும் அது தடுப்பூசிக்கு மாற்றாகாது. பெற்றோர் தாமாகவே அளவு தீர்மானித்துக் கொடுத்தால் கல்லீரல் கெடும்.

இரண்டாவது, செலினியம். எலிகளில் நடந்த ஆய்வு என்றாலும் என்னை வியக்க வைத்தது அது. செலினியம் குறைந்த எலிகளின் உடலில் பெருகிய இன்ஃப்ளூயன்சா வைரஸின் மரபணுவே மாறி, மேலும் கொடியதாகிவிட்டது. மாறிய அந்த வைரஸ், சத்துக் குறையாத எலிகளையும் கடுமையாகத் தாக்கியது. குறைபாடு ஓர் உடலோடு நின்றுவிடுவதில்லை என்பதே இதன் பொருள். இதைப் படித்துவிட்டு யாரும் செலினியம் வாங்க ஓட வேண்டாம்: தேவை நாளுக்கு 55 மைக்ரோகிராம், உச்சவரம்பு 400, தாண்டினால் முடி கொட்டும், நகம் உதிரும்.

மழைத்துளிக்கு நான் வைக்கும் கேள்வி வேறு. காய்ச்சலுக்குப் பிறகு அப்பா எவ்வளவு சாப்பிடுகிறார்? எடை இறங்கியிருக்கிறதா? எதிர்ப்புப் புரதங்களும் வெள்ளையணுக்களும் புரதத்திலிருந்தே உருவாகின்றன. குமட்டல் வரவழைக்கும் மாத்திரைகளால் அவருக்குக் காலை உணவு இறங்கவில்லை என்றால், கொடுப்பதைவிடப் பறிப்பதே அதிகம்.

மழைத்துளி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. புட்டியை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன், பொடி எழுத்தில் "துத்தநாக சல்ஃபேட், 50 மி.கி. துத்தநாகத்துக்கு இணையானது" என்று இருக்கிறது. அப்படியென்றால் வரம்பைக் கடந்த அளவுதான். எடையும் மூன்று கிலோ இறங்கியிருக்கிறது. இன்று அப்பாவின் மருத்துவரிடம் பேசினேன். துத்தநாகத்தையும் இரும்பையும் இப்போதைக்கு நிறுத்தச் சொல்லிவிட்டார், வைட்டமின் சியும் வேண்டாம் என்றார், வைட்டமின் டியை மட்டும் மதிய உணவுக்குப் பிறகு தொடரச் சொன்னார். இருமல் இன்னும் இருப்பதால் நாளை நேரில் வந்து மார்பைக் காட்டச் சொல்லியிருக்கிறார். இரத்தப் பரிசோதனையை ஒரு மாதம் கழித்து மீண்டும் எடுக்க வேண்டுமாம். அதற்கு ஏதேனும் முன்னேற்பாடு தேவையா?

ஆய்வகவாசி

காலையில், வெறும் வயிற்றில் எடுக்கச் சொல்லுங்கள். உணவுக்குப் பிறகும் பிற்பகலிலும் துத்தநாக அளவு இறங்கிக் காட்டும். துத்தநாகம் பார்க்க வேண்டும் என்பதை ஊசி போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நுண்தாதுக்களுக்கென்று தனிக் குழாய் உண்டு, சாதாரணக் குழாயின் ரப்பர் மூடியிலிருந்தே துத்தநாகம் கசிந்து எண்ணைக் கூட்டிவிடும். அதே இரத்தத்தில், அழற்சி இருந்தால் ஏறும் சி-ரியாக்டிவ் புரதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அது இயல்புக்கு வந்த பிறகும் துத்தநாகமும் ஃபெரிட்டினும் குறைவாக இருந்தால், அப்போது அது குறைபாடு.