இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி கால்பந்து கேமில் 25 போதுமா, 26-க்கு மாறலாமா? மேனேஜர் கெரியர் ஆடுபவர்கள் சொல்லுங்கள்

பிளேஸ்டேஷன் 5, ஆஃப்லைன் மேனேஜர் கெரியர் (ஒரு கிளப்பின் மேலாளராகப் பல சீசன் நடத்தும் மோட்) மட்டும். வீரர் கார்டுகளைச் சேர்த்து அணி அமைக்கும் அல்டிமேட் டீம் பக்கமே போவதில்லை. அடுத்த பதிப்பு வந்ததும் சேர்த்த கார்டெல்லாம் பழையதோடு நின்றுவிடும், அதற்குப் பணம் கொட்டுவது வீண்.

கெரியர் சேவும் புதிய பதிப்புக்கு வராது. ஆறு சீசன் வளர்த்த அணியை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த அளவுக்கு 26 வொர்த்தா?

26-இல் ஆட்டத்தைக் காம்பெடிடிவ் (ஆன்லைனுக்கு), ஆதென்டிக் (ஆஃப்லைன் கெரியருக்கு) என்று இரண்டாகப் பிரித்தது நல்ல முடிவு. ஆன்லைன் வேகத்துக்காக ஆஃப்லைன் ஆட்டம் கெடுவதுதான் பல வருடப் புகார். கெரியருக்குள் குறிப்பிட்ட இலக்கோடு வரும் மேனேஜர் லைவ் சவால்களும் சேர்ந்திருக்கின்றன.

தெரிய வேண்டியவை:

ஆதென்டிக்கில் பாதிக்கு 10 நிமிடம் வைத்தால் ஸ்கோர் 2-1, 1-0 என்று வருகிறதா, இல்லை 6-4 தானா?

25-இல் கம்ப்யூட்டர் அணி பாஸைத் தவறவிடுவதே அபூர்வம். செட்டிங்ஸில் இருக்கும் சிபியு பாஸ் எரர் ஸ்லைடரை (கம்ப்யூட்டர் அணியின் பாஸ் தவறைக் கூட்டிக் குறைக்கும் அளவு) 50-இலிருந்து ஏற்றினால் தவறு கூடும்; ரொம்ப ஏற்றினால் பக்கத்து ஆளுக்கே பந்து போகாது. 26-இல் எந்த எண் சரி? ஸ்பிரின்ட், கோல்கீப்பர் ஸ்லைடரையும் தொட்டிருந்தால் எண்ணோடு, டிஃபிகல்டி லெவலையும் போடுங்கள். அது இல்லாமல் ஒப்பிட முடியாது.