டேலி ஓட வேண்டும், தோளும் தாங்க வேண்டும்: எந்த லேப்டாப் எடுக்கலாம்?

காபிக்கணக்கு:
வணக்கம். வீடு சேலம் அஸ்தம்பட்டி, ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு வேலை. போக வர பஸ்தான். உட்கார இடம் கிடைக்காத நாளில் 20 கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் பழைய 15.6 இஞ்ச் லேப்டாப் தோளைக் கழற்றிவிடுகிறது. டேலி, எக்ஸெல், ஜிஎஸ்டி தாக்கல், வீட்டில் பையனுக்குப் பாடம். பட்ஜெட் 60,000. ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் 1.3 கிலோ, 8 ஜிபி ரேமில் ஒன்று காட்டினார்கள். பழைய மேக்புக் ஏர் எம்1 ஒன்றும் விலைக்கு வருகிறது. எது தேவலை?

குகைக்காரன்:
மேக் 1.29 கிலோதான், ஃபேனே கிடையாது, பேட்டரியும் நன்றாக நிற்கும். ஆனால் டேலி பிரைம் விண்டோஸுக்கான மென்பொருள். மேக்கில் சுற்றி வளைத்துத்தான் ஓட்ட முடியும். ஜிஎஸ்டி கடைசித் தேதியில் அந்த வம்பு எதற்கு?

கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: ரேம் போர்டிலேயே பற்றவைத்ததா, ஸ்லாட் இருக்கிறதா? மெல்லிய மாடல்கள் பலவற்றில் பற்றவைத்துத்தான் வரும், அப்புறம் கூட்ட வழியில்லை. அப்படியானால் முதலிலேயே 16 ஜிபி எடுத்துவிடுங்கள்.

சார்ஜரையும் கையில் தூக்கிப் பாருங்கள். அட்டைப்பெட்டியில் போடும் எடையில் அது சேராது. டைப்-சியில் சார்ஜ் ஏறும் மாடல் என்றால் 65 வாட் சின்ன சார்ஜர் ஒன்றே போனுக்கும் ஆகும். பேட்டரிக்கு 'இத்தனை மணி நேரம்' என்ற விளம்பரத்தை நம்பாமல் வாட்-ஹவரை, அதாவது பேட்டரியின் கொள்ளளவைப் பாருங்கள். 54 இருந்து, வேலையில் 9 வாட் இழுத்தால் 6 மணி நேரம். மலையில் கரண்ட் போனாலும் சமாளிக்கலாம்.

ஆடிட்டர் ஆபீஸ் ஆள்:
முக்கியமானதை விட்டுவிட்டீர்களே! 14 இஞ்சில் பெரும்பாலும் நம்பர் பேட் (கீபோர்டின் வலப்பக்கம் தனியாக இருக்கும் எண் பட்டன்கள்) இருக்காது. நாள் முழுக்க வவுச்சர் போடுகிறவருக்கு மேல்வரிசை எண்களைத் தட்டுவது பெரிய தண்டனை. தனி நம்பர் பேட் ஒன்று வாங்கி ஆபீஸிலேயே போட்டுவிடுங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், அந்தப் பென் டிரைவ் மாதிரி செருகுவது, பழைய அகல யூஎஸ்பிதானே? அந்தத் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

காபிக்கணக்கு:
கேட்டேன் அண்ணா, பற்றவைத்த ரேம்தானாம். 1.4 கிலோவில் 16 ஜிபி மாடல் ஒன்று பட்ஜெட்டுக்குள் வருகிறது, டைப்-சி சார்ஜிங்கும் உண்டு. ஆனால் அகல யூஎஸ்பி ஒன்றே ஒன்று. டோக்கனும் நம்பர் பேடும் ஒரே நேரத்தில் எப்படி?

ஆடிட்டர் ஆபீஸ் ஆள்:
நம்பர் பேடை புளூடூத்தில் வாங்குங்கள், துளை டோக்கனுக்கே இருக்கட்டும்.